டபுள்டோர் எதிர் டபுள்டோர்

அந்த இன்சூரன்ஸ் ஆபீஸில் அவருக்கு அந்தப் பெயரை வேறு யாரும் வைக்கவில்லை, அவரேதான் வைத்துக்கொண்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், புது ஆளைப் பார்க்க எல்லோரும் மேஜைக்கு மேலாகக் கழுத்தை நீட்டினார்கள். அத்தனை கண்களும் முதலில் முகத்துக்கு வந்தன, பிறகு வயிற்றுக்கு இறங்கின, அங்கேயே தங்கிவிட்டன. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பழகிய பார்வைதான். இன்னும் கொஞ்சம் விட்டால் இவர்களில் யாராவது ஒரு பெயர் கண்டுபிடித்துவிடுவார்கள், அது எந்த லட்சணத்தில் இருக்குமோ தெரியாது. அதனால் முந்திக்கொண்டார்.

"வணக்கங்க. எங்க வீட்டுல ரெண்டு டபுள்டோர் ஃப்ரிட்ஜ். ஒண்ணு சமையலறையில நிக்குது. இன்னொண்ணு இங்க வேலைக்கு வந்திருக்கு."

ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் டபுள்டோர். சம்பளச் சீட்டில் வேறு ஒரு பெயர் இருந்தது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார்.

அவருடைய கொள்கை எளிமையானது. அடி எப்படியும் விழத்தான் போகிறது. அதை நாமே அடித்துக்கொண்டால், எங்கே அடிப்பது, எவ்வளவு பலமாக அடிப்பது என்பதாவது நம் கையில் இருக்கும். லிஃப்டுக்குள் கால் வைத்ததும், "நான் ஏறிட்டேன், பொண்டாட்டி பிள்ளை உள்ளவங்க படியில வாங்க" என்பார். நாற்காலியில் உட்காரும்முன் அதன் கையைத் தட்டிக்கொடுத்து, தைரியமாக இரு என்று ஆறுதல் சொல்வார். யாருக்காவது பிறந்தநாள் என்று கேக் வெட்டினால், "எனக்கு வேண்டாங்க, போன வருஷம் சாப்பிட்டதே இன்னும் இங்கதான் இருக்கு" என்று வயிற்றைத் தடவிக் காட்டுவார். அடுத்தவர் உடம்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்த விஷயத்தில் கறாரான ஆள். தன் கடையில் தன் சரக்கை மட்டுமே விற்பார்.

இந்தச் சரக்குக்கு முதல் வாடிக்கையாளர் கேஷியர். அவருக்கு டபுள்டோரின் ஜோக்குகள் அத்தனையும் மனப்பாடம். ஜோக் முடிவதற்கு முன்பே மேஜையைத் தட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார். நல்ல மனுஷன். டபுள்டோர் வலிக்காமல்தான் பேசுகிறார் என்று உண்மையாகவே நம்பியவர்.

டபுள்டோருக்கு ஆபீஸில் சர்வேயர் வேலை. எங்காவது மோதி நசுங்கிய கார்களைக் கட்டிடத்தின் பின்பக்க யார்டில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவர் சுற்றிச்சுற்றி வந்து, குனிந்து, தட்டிப் பார்த்து, எது இந்த விபத்தில் விழுந்த ஒடுக்கு, எது ஏற்கெனவே இருந்த பழைய ஒடுக்கு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பழைய ஒடுக்கின் ஓரத்தில் துரு பிடித்திருக்கும். புது ஒடுக்கில் பெயிண்ட் பெயர்ந்த இடம் பளபளவென்று இருக்கும். பழசுக்குப் பணம் கிடையாது.

அந்த யார்டில் இன்னொரு காரியமும் நடந்துவந்தது. மதியம் எல்லோருடனும் உட்கார்ந்து, குழந்தைகள் கொண்டுபோகும் அளவில் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து, கோழி கொத்துவது போலக் கொத்திவிட்டு எழுந்துவிடுவார் டபுள்டோர். ஏதாவது அளக்க வேண்டும் என்று டேப்பை எடுத்துக்கொண்டு யார்டுக்குப் போவார். அங்கே இருப்பதிலேயே மோசமாக நொறுங்கிய காரின் பின்சீட்டில் புகுந்து, பையிலிருந்து பெரிய டப்பாவை எடுத்து, உண்மையான சாப்பாட்டைச் சாப்பிடுவார். கண்ணாடி முழுக்க விரிசல் விழுந்திருப்பதால் வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. தான் மெல்வதை யாரும் பார்க்காத இடம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றும். அப்படித் தோன்றும்போது உடனே தண்ணீர் குடித்துவிடுவார்.

வீட்டில் மனைவியும் ஆறாம் வகுப்பு படிக்கும் மகளும். மகளுக்கு அப்பாவின் உடல்வாகு, அப்பாவின் வாய். அவள் நீச்சல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். தண்ணீரில் இறங்கினால் கரை ஏற மனசு வராத பெண். ஒரு சனிக்கிழமை திடீரென்று இனிமேல் போகமாட்டேன் என்றாள். மனைவி ஏன் என்று கேட்டாள். மகள் சோபாவில் காலை ஆட்டிக்கொண்டு, "நான் குதிச்சா குளத்துல தண்ணி மிச்சம் இருக்காதும்மா, மத்த பிள்ளைங்க தரையில நீந்தணும்" என்றாள்.

டபுள்டோருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. தான் இத்தனை வருஷம் தொழில் பண்ணியும் இப்படி ஒன்று அமையவில்லையே என்று வியந்தார். மகளைக் கட்டிக்கொண்டு, என் வாரிசு என்று பெருமைப்பட்டார். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. இவள் டிபன் டப்பா இப்போதெல்லாம் பாதி அப்படியே திரும்பி வருகிறது, கவனித்தீர்களா என்று கேட்டாள். "நல்லதுதானே, மிச்சத்துக்கு நான் இருக்கேன்ல" என்றார் டபுள்டோர். திங்கட்கிழமை முதல் வேலையாக அந்த நீச்சல்குள ஜோக்கைத் தன் பெயரில் மாற்றி ஆபீஸில் சொன்னார். கேஷியருக்குப் புரை ஏறியது.

இந்த நிலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து உடல் மரியாதைத் திட்டம் வந்து இறங்கியது.

கேலியினால் ஊழியர்களுக்கு மனச்சோர்வு வருகிறது, மனச்சோர்வினால் விடுப்பு எடுக்கிறார்கள், விடுப்பினால் வேலை நிற்கிறது, ஆகவே நிறுவனம் ஊழியர்களை நேசிக்கிறது என்று சுற்றறிக்கை சொன்னது. கிளைதோறும் ஒரு கமிட்டி. இந்தக் கிளைக்கு மனிதவள மேடம் தலைவி. மேனேஜர் உறுப்பினர். தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மனநல நிபுணர் அனுப்பப்பட்டிருந்தார். அவர் குரலைப் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டு பேசுபவர்.

தொடக்க விழாவில் மேடம் பேசினார்.

"இன்னையிலேர்ந்து இந்த ஆபீஸ்ல குண்டுன்னு யாரும் கிடையாது. ஒல்லின்னு யாரும் கிடையாது. வழுக்கைன்னு யாரும் கிடையாது. சொல்லப்போனா உடம்புன்னு ஒண்ணே இந்த ஆபீஸ்ல கிடையாது. இப்ப, இதெல்லாம் யாருக்காகன்னு நீங்க கேக்கலாம். சார், நீங்க கொஞ்சம் எழுந்து நில்லுங்க. இப்படி நடுவுக்கு வாங்க. எல்லாருக்கும் தெரியுதா? இவரைத்தான் இனிமே யாரும் பாக்கக்கூடாது."

பார்க்கக்கூடாது என்று சொல்லக் கேட்டதும் ஆபீஸ் மொத்தமும் பார்த்தது. அந்த நிமிஷத்துக்கு வேண்டிய மருந்து டபுள்டோரிடம் எப்போதும் தயாராக இருக்கும். "மேடம், நான் நடுவுல நின்னா ஓரத்துலயும் இருப்பேன், பரவாயில்லையா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் கமிட்டி. கேஷியர் கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டு, சுவரில் இருந்த தீயணைக்கும் சிலிண்டரை உற்றுப் பார்த்தார். டபுள்டோர் சொன்ன ஜோக் போன வேகத்தில் திரும்பி வந்து அவர் காதிலேயே விழுந்தது. அவருக்குச் சட்டை போடாமல் நிற்பது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு மரியாதை ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. குண்டு என்ற சொல்லுக்குப் பதிலாக இடவளம் உள்ளவர் என்று சொல்ல வேண்டும் என்றார்கள். அதுவரை அவரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசாதவர்கள்கூட அந்தச் சொல்லைப் பழகுவதற்காகப் பேச ஆரம்பித்தார்கள். முதலுதவி அறையில் இருந்த எடை மெஷினை எடுத்துவிட்டு எண்ணே காட்டாத புது மெஷின் வைத்தார்கள். ஏறி நின்றால் ஒரு பெண்குரல், நீங்கள் போதுமானவர் என்று சொல்லும். டபுள்டோர் ஏறியபோது அது சிக்கிக்கொண்டு போதும், போதும், போதும் என்றது. அவர் இறங்கிய பிறகும் சொல்லிக்கொண்டே இருந்தது.

அடுத்து மரியாதை இருக்கை. இரண்டு நாற்காலி அகலத்தில், இரும்புக் கால்களோடு, பிரத்தியேகமாகச் செய்யச் சொல்லி வரவழைத்தார்கள். எல்லோருக்குமானது என்று பித்தளையில் எழுதியிருந்தது. வேறு யாராவது உட்காரப் போனால் மேடம் எழுப்பிவிடுவார். வாசலுக்கு நேராகப் போட்டு, ரிப்பன் வெட்டி, டபுள்டோரை உட்காரவைத்துக் கைதட்டினார்கள். நஷ்டஈடு கேட்டு வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவர்தான் கம்பெனி முதலாளி போலிருக்கிறது என்று நினைத்து, தன் கார் கதையை முதலிலிருந்து சொல்லி அழுதுவிட்டுப் போனார்.

லிஃப்டில் இத்தனை பேர், இத்தனை கிலோ என்று எழுதியிருந்த தகட்டைப் பெயர்த்தார்கள். அந்த இடத்தில், இந்த லிஃப்ட் யாரையும் எடை போடாது என்று ஒட்டினார்கள். பாரம் கூடினால் கத்தும் மணியையும் மனிதர்களை அவமதிக்கிறது என்று அறுத்துவிட்டார்கள். அடுத்த வாரமே கமிட்டி, டபுள்டோர், கேஷியர், இன்னும் கண்ணில் பட்டவர்கள் எல்லோரும் ஒன்றாக ஏறினார்கள். லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே பெருமூச்சு விட்டு நின்றது.

உள்ளே எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை, ஒரு விளக்கைத் தவிர. யாராவது ஒரு வார்த்தை சொல்லமாட்டார்களா என்று டபுள்டோர் ஏங்கினார். நீதானய்யா காரணம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவரும் ஒன்று சொல்லி, எல்லோரும் சிரித்து, காற்று வந்திருக்கும். இந்த மரியாதையில் மூச்சு முட்டியது. வெளியிலிருந்து மெக்கானிக் சத்தம் போட்டுக் கேட்டார், உள்ளே ஏதாவது வெயிட்டான சாமான் ஏற்றினீர்களா என்று.

"அந்தக் கேள்விக்கு நாங்க பதில் சொல்றதில்லை" என்றார் மேடம்.

பதில் தெரியாமல் கதவைத் திறக்க மெக்கானிக்குக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் பிடித்தது.

நிபுணருடன் வாரம் ஒரு சந்திப்பும் உண்டு. எங்கே வலிக்கிறது என்று கேட்டார். முட்டியில் என்றார் டபுள்டோர். அதில்லை, உள்ளே என்றார் நிபுணர். முட்டிக்கு உள்ளேதான் என்றார் இவர். நிபுணர் பஞ்சுக் குரலில் தன் கஷ்டத்தைச் சொன்னார். மற்ற கிளைகளில் கிளைக்கு இரண்டு மூன்று பேர் குணமாகிவிட்டார்களாம். இந்தக் கிளையில் இருப்பதோ இவர் ஒருவர்தான், இவரும் வலிக்கவில்லை என்று அடம்பிடித்தால் எப்படி? "ஒரே ஒரு தடவை அழுதுடுங்க சார், நான் முடிச்சுக் கொடுத்துட்டுக் கிளம்பிடுவேன்" என்றார். டபுள்டோருக்கு அந்த நொறுங்கிய காரின் பின்சீட்டைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் நிபுணர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். "அழுதா சட்டை நனையுங்க, என் சைஸுக்கு மாத்துச் சட்டை கிடைக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

அந்த வாக்கியம்தான் அவருக்கு வினையாக முடிந்தது.

கிளையில் புகார்ப் பெட்டி வைத்து எத்தனையோ நாளாகியும் ஒரு புகார்கூட விழவில்லை. புகாரே இல்லை என்றால் அமுக்குகிறீர்கள் என்று அர்த்தம், ஒன்றாவது அனுப்புங்கள் என்று தலைமை அலுவலகம் நெருக்கியது. கமிட்டி கண்கொத்திப் பாம்பாக ஆபீஸைக் கவனித்தது. யாரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும், லிஃப்டில், நாற்காலியில், நிபுணரின் அறையிலேயேகூட, ஒரு இடவளம் உள்ள ஊழியரைப் பற்றி ஓயாமல் கேலி பேசிக்கொண்டிருப்பது தெரியவந்தது. கையும் களவுமாகப் பிடித்தார்கள். பாதிக்கப்பட்டவர் டபுள்டோர். குற்றம் சாட்டப்பட்டவர் டபுள்டோர்.

விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை காலை மீட்டிங் அறையில் நடந்தது. மேடம் விதிமுறையைப் படித்துக் காட்டினார். பாதிக்கப்பட்டவரும் குற்றம் சாட்டப்பட்டவரும் ஒரே நேரத்தில் அறையில் இருக்கக்கூடாது. ஆகவே டபுள்டோர் முதலில் இந்தக் கதவு வழியாக வந்து, ஜன்னல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து, பாதிக்கப்பட்டவராகப் பேச வேண்டும். பிறகு வெளியே போய், வராந்தாவைச் சுற்றிக்கொண்டு, அந்தக் கதவு வழியாக வந்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, குற்றம் சாட்டப்பட்டவராகப் பதில் சொல்ல வேண்டும். அவர் சுற்றிவரும் நேரத்தில் கமிட்டி டீ குடித்தது.

பாதிக்கப்பட்டவரிடம் கனிவாகக் கேட்டார்கள், அந்த ஆள் உங்களை எவ்வளவு காலமாகத் தொந்தரவு செய்கிறான் என்று. சின்ன வயசிலிருந்து என்றார். வீட்டுக்கும் வருகிறானா? ஆமாம், கூடவேதான் வருகிறான். மேனேஜர் உச்சுக்கொட்டினார். வெளியே போய்ச் சுற்றிவந்ததும் அதே மேனேஜர் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, ஒரு அப்பாவி மனுஷனை இப்படிப் பேச உங்களுக்கு நாக்கூசவில்லையா என்று கேட்டார். டபுள்டோர் அசடு வழிந்தார். மறுபடி சுற்றிவந்தார். மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கியது. இப்படியே விசாரணை நீண்டால் குற்றவாளியாவது இளைப்பான் என்று சொல்ல வாயெடுத்தார். நிபுணர் பேனாவைத் திறப்பதைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

பிறகு சாட்சியைக் கூப்பிட்டார்கள். கேஷியர். அவர் முகத்தில் ஈயாடவில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் சொன்னதையெல்லாம் சாட்சி சொல்ல வேண்டும், ஆனால் சிரிக்காமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், டைம்டேபிள் வாசிப்பது போலச் சொல்ல வேண்டும் என்பது விதி.

கேஷியர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த நாற்காலி என்ன பாவம் பண்ணிச்சோ. என்னைப் படம் எடுக்கணும்னா ரெண்டு தடவை எடுத்து ஒட்டணும். கடையில என் சைஸ் கேட்டா கூடாரம் விக்கறதில்லைங்கறான். என் பொண்டாட்டிக்கு வெயில்காலமே தெரியாது, நிழல்லயே இருந்து பழகிட்டா."

ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. டபுள்டோருக்கு எல்லாம் தன் சொத்துத்தான், நன்றாகத் தெரிந்தவைதான். ஆனால் சிரிப்பை உருவிவிட்டுக் கேட்டபோது யாரோ ஒருவன் இன்னொருவனைச் சுவரோடு சாய்த்து வைத்துக்கொண்டு நிதானமாக அறைவது மாதிரி இருந்தது. கேஷியருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவர் குரல் கம்மிப்போயிற்று. இத்தனை காலம் மேஜையைத் தட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் குதிச்சா குளத்துல தண்ணி மிச்சம் இருக்காது. மத்த பிள்ளைங்க தரையில நீந்தணும்."

டபுள்டோர் எழுந்துவிட்டார். எதற்கு எழுந்தார் என்று அவருக்கே தெரியாது.

"அது என்னோடது இல்லைங்க" என்றார். "அது என் பொண்ணு சொன்னது."

காலை ஆட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்த மகள் அவர் கண்முன் வந்தாள். தண்ணீரை விட்டு ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த பெண், தண்ணீர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டு அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறார். வாரிசு என்று வேறு கொண்டாடியிருக்கிறார். பாதி அப்படியே திரும்பி வந்த டிபன் டப்பா. அவருக்குத் தன் சின்ன டப்பா நினைவுக்கு வந்தது. நாளெல்லாம் ஒடுக்குகளைத் தேடி அலைந்தவர் சொந்த வீட்டில் விழுந்ததைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கே என்று சொல்லியிருக்கிறார்.

மேடத்தின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப ரெண்டாவது பாதிக்கப்பட்டவரும் இருக்காங்க" என்றார். "சார், இது ரொம்ப நல்ல செய்தி. நாம பின்தங்கியே இருந்தோம், ஒரே கேஸுல பக்கத்துக் கிளையைப் பிடிச்சுட்டோம். குழந்தைங்கறதால மதிப்பு இன்னும் அதிகம். ஆண்டு விழாவுக்குக் கூட்டிட்டு வாங்க, மேடையில அப்பாவும் பொண்ணும் சேர்ந்து நில்லுங்க. பின்னாடி பெரிய திரையில நீங்க ரெண்டு பேரும் தெரிவீங்க. நல்லாப் பெரிசாவே தெரிவீங்க."

"ஒருவேளை அந்தக் குழந்தை ஒரு தடவை அழுதா..." என்று ஆரம்பித்தார் நிபுணர்.

டபுள்டோர் வாயைத் திறந்தார். அங்கே எப்போதும் தயாராக ஒன்று இருக்கும். இப்போது எதுவும் இல்லை.

"என் பொண்ணு பேரை எடுக்காதீங்க" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அவ எந்த மேடையிலயும் நிக்கமாட்டா. நானும் நிக்கமாட்டேன். அந்த நாற்காலியைத் தூக்கி எங்கயாவது போடுங்க. எனக்கு வலிக்குதான்னு கேட்டுட்டே இருந்தீங்களே. வலிக்குது. போதுமா? முதல் நாளே வலிச்சுது."

கேஷியர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னை மன்னிச்சிடுங்கண்ணே" என்று மெதுவாகச் சொன்னார். சாட்சி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லக்கூடாது என்று மேனேஜர் அவரைக் கண்டித்தார்.

மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. பாதிக்கப்பட்டவர் மனம் திறந்து தைரியமாகப் பேசியதால் பூரண குணமடைந்தார் என்று அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ். குற்றம் சாட்டப்பட்டவர் கமிட்டி முன் குரலை உயர்த்திப் பேசியதால் அவருக்கு ஒரு கடும் எச்சரிக்கை. இருவருக்கும் முகவரி ஒன்றுதான் என்பதால் சிக்கனம் கருதி இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தார்கள். இருவரும் இனி ஒரே வீட்டில் சமாதானமாக வாழ வேண்டும் என்று மேனேஜர் வாய்வார்த்தையாக அறிவுறுத்தினார். நிபுணர் குணமானவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினார்.

சாயங்காலம் வீட்டில் மகள் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். டபுள்டோர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நாளைக்கு நீச்சலுக்குப் போகலாமா என்று கேட்டார்.

"வேண்டாம்ப்பா. குளத்துக்காரங்க பாவம், மறுபடி தண்ணி ரொப்பணும்" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "எனக்கு நீச்சல் டிரெஸ் தைக்கணும்னா..." என்று இன்னொன்றை எடுத்தாள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. ஜோக் சொல்லிவிட்டுச் சிரிப்புக்குக் காத்திருக்கும் முகம் எப்படி இருக்கும் என்பதை அவர் வெளியிலிருந்து முதல்முறையாகப் பார்த்தார்.

அவள் வாய் கோணியது.

"ஷவர்கிட்ட ஒரு பொண்ணு சொன்னாப்பா. எல்லாரும் சிரிச்சாங்க. அதனால அடுத்த தடவை நானே முதல்ல சொல்லிட்டேன். நீங்கதானே சொல்லிருக்கீங்க, நாமளே சொல்லிட்டா வலிக்காதுன்னு."

"சொன்னேன்."

"வலிக்குதுப்பா."

"வலிக்கத்தான் செய்யும் கண்ணு" என்றார். "எனக்கும்தான். நான் உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

சமையலறை வாசலில் நின்ற மனைவி உள்ளே போய், மூன்று தட்டுகளை எடுத்து வைத்தாள். மூன்றும் ஒரே அளவுத் தட்டுகள். டபுள்டோர் சாப்பிட்டார். மகள் அவர் மெல்வதைப் பார்த்துக்கொண்டே, தானும் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். நாளைக்குப் போகலாம், ஆனால் அப்பாவும் வர வேண்டும், கரையில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அல்ல, தண்ணீருக்குள்.

சனிக்கிழமை காலை டபுள்டோர் நீச்சல்குளத்தின் ஓரத்தில் அரைக்கால் டவுசரோடு நின்றார். சட்டையைக் கழற்றவே உடைமாற்றும் அறையில் வெகுநேரம் பிடித்தது. ஒவ்வொரு பட்டனிலும் நின்று யோசித்தார். வெளியே வந்ததும் நடந்தது என்னவோ எதிர்பார்த்ததுதான். காவலர் பார்த்தார். படியில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பார்த்தார்கள். கண்கள் முகத்துக்கு வந்து, வயிற்றுக்கு இறங்கி, தங்கின. அவர் வாயில் ஜோக் வந்து நின்றது. நல்ல ஜோக். குளத்தைப் பற்றியது. சொன்னால் அந்த இரண்டு பெண்களும் சிரித்துவிடுவார்கள், எல்லாம் லேசாகிவிடும்.

மகள் பக்கத்தில் நின்று அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டபுள்டோர் வாழ்நாளில் எவ்வளவோ விழுங்கியவர்தான். இது ஒன்றுதான் தொண்டையில் நின்று மல்லுக்கட்டியது. எப்படியோ உள்ளே தள்ளினார்.

"தண்ணி ஜில்லுன்னு இருக்கும் போலிருக்கே" என்றார்.

"முதல்ல அப்படித்தான்ப்பா இருக்கும்" என்றாள் மகள். "அப்புறம் பழகிடும்."

மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். தண்ணீர் எழும்பி அவர் முகம் வரை தெறித்தது. அவர் துடைத்துக்கொண்டு பார்த்தார். குளம் நிறையத் தண்ணீர் மிச்சமிருந்தது. அவரும் இறங்கினார்.